ரோஜாப்பூ வைத்து மறைத்த ஆறு நிமிடங்கள்

லம்பா லைன்,
போர்ட் பிளேர்.
5.12.2025

அன்பு மகள் உமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மீனாக்குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை அம்மா தினமும் காலையில் போனில் கேட்டு எனக்கு ஒலிபரப்பிவிடுவதால் சுகமா என்று நான் தனியாகக் கேட்கவில்லை, சுகமாகவே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். ஒரு முறை நீ குக்கர் விசில் என்று ஓடிவிட்டாய், இன்னொரு முறை நானே சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது.

மழை இன்னும் விட்டபாடில்லை. சமையலறைக் கூரைத் தகரம் ஓர் இடத்தில் ஒழுகுகிறது, ஆள் சொல்லி மூன்று வாரம் ஆகிறது, அவன் இந்தியில் கல், பர்சோ, நாளை, நாளை மறுநாள் என்று நாளைக் கடத்துகிறான், அவனுடைய பர்சோ எந்த மாதத்தில் வரும் என்று தெரியவில்லை. அம்மா ஒழுகும் இடத்தில் தவலையை வைத்துவிட்டு அதில் விழும் சத்தத்துக்கு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தேங்காய் இந்த வருஷம் பரவாயில்லை. மீனாவுக்கு இருமல் என்று அம்மா சொன்னாள், ஜாம்நகரில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளையை ஏ.சி.யில் படுக்க வைக்காதே, மிளகு தட்டிப் பாலில் போட்டுக் கொடு, மாட்டேன் என்றால் விரட்டாமல் தேன் கலந்து கொடு. சரி, இப்படியே தவலை, தேங்காய், இருமல் என்று எழுதிக்கொண்டே போனால் கடிதம் முடிந்துவிடும், நான் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும்.

தீபாவளி முடிந்த வாரம் நீ போன் செய்தாய். உன் போனில் இருந்த, உன் மாமியார் ரெங்கம்மாவின் வீடியோவை மீனா பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும், நாற்காலியில் வாய் ஒரு பக்கம் கோணி உட்கார்ந்திருக்கும் அப்பாயியைப் பார்த்துவிட்டு அப்பாயிக்குப் பேசவே தெரியாதாம்மா என்று கேட்டாள் என்றும், அதைக் கேட்ட மாப்பிள்ளை எழுந்து பால்கனிக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார் என்றும் சொன்னாய். பிறகு மாப்பிள்ளையே போனை வாங்கி, மாமா, உமா சடங்கு அன்னிக்கு நீங்க கேமராவுல புடிச்சீங்கள்ல, அதுல அம்மா பேசுறது எங்கயாச்சும் இருக்கும், கொஞ்சம் தேடிப் பாருங்க மாமா, எனக்கே அம்மா கொரலு மறந்துக்கிட்டு வருது என்றார். நான் அந்த டிஸ்க்கெல்லாம் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக வைத்திருந்தவன்போலச் சொன்னேன். அவர் அதற்கு, பரவாயில்ல மாமா, நம்ம ஊரு ஈரத்துக்கு என்னதான் தாங்கும், நீங்க மனசுல வச்சுக்காதீங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னார். டிஸ்க் கெட்டுப்போகவில்லை உமா. பீரோவில் என் பென்ஷன் ஃபைலுக்கு அடியில் உறை பிரியாமல் இருந்தது. கெட்டுப்போயிருந்தது வேறு.

நீ அறிந்த கதைதான், ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிவிட வேண்டும். சுனாமியில் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வீடு, தட்டுமுட்டு, கல்யாணப் போட்டோ என்று எல்லாம் போய், உடுத்த துணியோடு கப்பலேறி வந்த முத்துவீரனும் ரெங்கம்மாவும் நம் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது, விஜயன் உன்னைவிட இரண்டு வயது மூத்த பையன். மறு வருஷம் நீ பெரியவளானாய். ஆபீசில் கொடுத்த எல்.டி.சி. லீவில் சென்னை போனபோது நான் வாங்கி வந்த கேமராவுக்கு அதுதான் முதல் பெரிய விசேஷம். மன்னார்குடி அத்தை சீர்த்தட்டோடு கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள், வானிலை சரியில்லை என்று கப்பல் நான்கு நாள் தாமதமாகக் கிளம்பியது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தை முறைக்கு ஆளில்லை, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அப்போது ரெங்கம்மா, நான் ஊத்துறேன் அண்ணி, எனக்கும் அண்ணன் தங்கச்சின்னு இந்த ஊருல யாரு இருக்கா என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். பச்சைக் கண்ணாடி வளையலும் அரை டஜன் வாழைப்பழமும்தான் அவர் வைத்த சீர். அதற்குமேல் அவர்களிடம் அன்றைக்கு எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியதும் அவர், ஆரத்தி எடுத்ததும் அவர், பந்தியில் நின்றதும் அவர். நான் கேமராவோடு சுற்றிச் சுற்றி வந்தேன்.

பத்து வருஷம் கழித்து நீ விஜயனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது நான் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். மன்னார்குடிக்காரன், சர்க்கார் உத்தியோகம் என்ற திமிர் எனக்கு. தோட்டத்திலிருந்து வந்தவர்களைச் சொல்லும் அந்த வார்த்தையை அவர்கள் வாசலில் நின்று சொன்னேன், இங்கே மறுபடி எழுதக் கை வரவில்லை. நீங்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு ஜாம்நகருக்குக் கப்பலேறினீர்கள். அந்த மாதமே மன்னார்குடி அத்தை, கல்யாணத்தைத்தான் பார்க்கக் குடுத்துவைக்கல, சடங்கையாவது டிஸ்க்குல போட்டு அனுப்புடா என்று கேட்டாள். நான் எல்லா டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு மணி நேரப் படத்துக்குப் பதின்மூன்று ஜி.பி. பிடிக்கும், ஹார்ட் டிஸ்க் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது. டிவிடியில் போட வேண்டுமென்றால் அதைச் சுருக்கி வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். திரும்பின பக்கமெல்லாம் ரெங்கம்மா. என் அக்காள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். இவள்தானா அந்தப் பையனின் தாய் என்று அக்காள் கேட்பாள், கேட்டதை ஊர் முழுக்கச் சொல்வாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கல்யாண வீடியோக்காரர்கள் நடுநடுவே ரோஜாப்பூவும் அன்னப்பறவையும் வரவழைப்பார்கள் இல்லையா, அந்த சாஃப்ட்வேரில் அப்படி நிறையப் படங்கள் இருந்தன. ரெங்கம்மா வரும் இடத்தையெல்லாம் தேடித் தேடி ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்து மேலே வைத்தேன். பதினோரு இடம், மொத்தம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி. பந்தியில் தண்ணீர்ச் செம்போடு ஓடிய மாப்பிள்ளையையும் அதே பூவால் மூடினேன். படத்தை வெட்டி எடுத்தால் பின்னால் ஓடும் மேளம் குதிக்கும், அதனால் வெட்டாமல் மேலே வைத்து மூடினேன். ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்து அதே வேலை. முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூட மேளம் துள்ளவில்லை. நான் அன்றைக்குப் பெருமைப்பட்டேன் உமா, எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறோம் என்று. டிவிடி எழுதி முடிந்தவுடன் ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று பெரிய ஃபைல்களை அழித்தேன். டேப்புகளில் நிஜமாகவே பூஞ்சை கண்டிருந்தது, குப்பை வண்டியில் போட்டேன். மன்னார்குடி அத்தை டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிடா, நடுவுல நடுவுல எதுக்குடா இத்தனை ரோஜாப்பூ என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருஷம் ரெங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றது. அவர்கள் அதற்குள் சிப்பிகாட்டுக்குக் குடிபோயிருந்தார்கள், முத்துவீரனுக்கு அங்கே விவசாயப் பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. அம்மா எனக்குத் தெரியாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், நான் போகவில்லை. மீனா பிறந்த பிறகுதான் முதல் முறை போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார். சிரமப்படாதீங்க என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன். என்ன சொல்ல வந்தார் என்று நான் அன்றைக்கு முத்துவீரனிடம்கூடக் கேட்கவில்லை. போன தையில் அவர் கண்ணை மூடும்வரை சம்பந்தி என்று ஒருநாளும் கூப்பிட்டதும் இல்லை. பேச மட்டுமே போன் இருந்த காலம் போய் எல்லார் கையிலும் வீடியோ எடுக்கும் போன் வந்தபோது ரெங்கம்மாவிடம் எடுப்பதற்குக் குரல் இல்லை. குரல் இருந்த காலத்தில் அவர் பக்கம் திரும்பிய கேமரா என்னுடையது ஒன்றுதான்.

மாப்பிள்ளை கேட்ட மறுநாளே டிஸ்க்கை வெளியே எடுத்தேன். எங்கேயாவது ஒரு மூலையில் முகம் தப்பியிருக்காதா என்று ஆசை. ஓர் இடத்தில் மட்டும் பூவை வைக்க அரை வினாடி பிந்தியிருக்கிறேன், செம்பைச் சாய்க்கும் ஒரு கையும் பச்சை வளையல்களும் தெரிந்து மறைகின்றன. அவ்வளவுதான் மிச்சம். டிஸ்க் பழசு, கம்ப்யூட்டர் அதைப் படிப்பதற்கே முனகியது, இனிமேல் தாங்காது என்று அதை எம்.பி.ஃபோராக மாற்றத் தொடங்கினேன், மாற்றும்போது சரியாக வருகிறதா என்று சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டேன். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். ரெங்கம்மா கொரலாச்சே, ரெங்கம்மாவா பேசுறா என்றாள். திரையைப் பார்த்தால் ரோஜாப்பூ. பூவுக்குப் பின்னால் ரெங்கம்மா, தலைய நிமித்தாத கண்ணு, கண்ணுல மஞ்சத்தண்ணி போயிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேளம் குதிக்கக் கூடாது என்று சத்தத்தை மட்டும் தொடாமல் விட்டேனே, அதில் எல்லாமே இருக்கிறது. ஒன்பது வருஷம் அந்தப் பூக்களுக்கு அடியில் ரெங்கம்மா பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பந்தியில் கடைசி இலைக்கு அப்பளம் வரவில்லை என்கிறார். நலங்குப் பாட்டு ஒன்றைத் தொடங்கி இரண்டாவது அடி மறந்துபோய்ச் சிரிக்கிறார். டேய் விஜயா, அந்தப் பெரியவருக்குத் தண்ணி ஊத்துடா என்று கூப்பிடுகிறார். விஜயா விஜயா என்று மூன்று தடவை. அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அப்புறம் திரையையும் என்னையும் பார்த்தாள். அவள் இந்த டிஸ்க்கைப் பார்த்ததே கிடையாது, உன் நினைவு வந்து அழுவோம் என்று தொடாமல் வைத்திருந்தாள். என் புள்ளைக்கு அவதான் தண்ணி ஊத்துனா, அவளைப் போயி பூவப் போட்டு மூடியிருக்கீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு என்று கேட்டுவிட்டுப் போனவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் முத்துவீரனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவருக்குப் போனில் பார்க்க வராது, கண் மங்கல், ஆனால் பெட்டி டி.வி.யும் பழைய டிவிடி பிளேயரும் வைத்திருக்கிறார். காலி டிஸ்க் கேட்டு அபர்தீன் பஜாரில் பழனிசாமி கடைக்குப் போனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அங்கிள், ஆஜ்கல் இதெல்லாம் கௌன் லேதா, யாரும் வாங்குறதில்ல, பென் டிரைவ் வாங்கிக்கிட்டுப் போங்க என்றார். பிறகு பரணில் தேடித் தூசி தட்டி ஐந்து டிஸ்க் எடுத்துக் கொடுத்தார். முதல் டிஸ்க்கில் படம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வந்தது, பழைய டி.வி.க்கு எடுத்த படத்தை அகலத் திரைக்கு மாற்றிவிட்டேன், அம்மா அதில் தன்னைப் பார்த்துவிட்டு, நான் என்னிக்கு இவ்வளவு அகலமா இருந்தேன் என்று இரண்டு நாள் மௌனத்தை முடித்துக்கொண்டாள். இரண்டாவது டிஸ்க்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சிப்பிகாட் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டிஸ்க்கைப் போட்டால் பிளேயர் படிக்க மாட்டேன் என்கிறது. எம்.பி.ஃபோர் ஃபைலை அப்படியே எழுதிவிட்டேன், அந்தப் பழைய பிளேயருக்கு டிவிடி முறையில் மாற்றி எழுதினால்தான் புரியும், எனக்குத் தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துவிட்டது. எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி, அவர் கொடுத்த வாழைப்பழச் சீப்பையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். லம்பா லைன் வருவதற்குள் அந்தப் பழத்தை எங்கேயாவது வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது, அவர்கள் சீராக வைத்ததும் வாழைப்பழம்தானே.

நான்காம் நாள் மறுபடி போனேன். இந்தத் தடவை ஓடியது. முதல் ரோஜா வந்ததும் முத்துவீரன், இங்க எதுக்குண்ணே பூ வருது, டேப்பு கெட்டுப்போச்சா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவரே அடி எடுத்துக் கொடுத்துவிட்டார். இல்லை, நான்தான் வைத்தேன், உங்கள் வீட்டம்மா தெரியக் கூடாது என்று கோபத்தில் மூடினேன் என்றேன். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அதற்குள் விஜயா என்று குரல் வந்தது. அவர் கையைத் தூக்கி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார், போட்டேன். மறுபடி போடச் சொன்னார். நாலைந்து தடவைக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், மொகம் எனக்கு எதுக்குங்க, எட்டு வருசமா ராவும் பகலும் பாத்துக்கிட்டேதான இருந்தேன், கொரலுதான் போயிருச்சு, அது இதுல இருக்கு என்றார். பிறகு, ஆனா விஜயனுக்கு அவன் ஆத்தா மொகம் வேணும்னு இருக்கும், நல்லா இருந்த மொகம், அதை நீங்க அழிச்சிட்டீங்க, அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன் என்றார். வழக்கமாகக் கேட் வரைக்கும் வந்து ஸ்கூட்டர் கிளம்பும்வரை நிற்பவர் அன்றைக்கு எழுந்து வரவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு மாப்பிள்ளைக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்று இதை மடித்து வைத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடு. விஜயா, உன் அம்மாவின் நல்ல முகத்தை அழித்தவன் நான். டேப்பும் இல்லை, பெரிய ஃபைலும் இல்லை, பழைய கம்ப்யூட்டரை விற்ற கடை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டேன், மன்னார்குடியில் இருப்பதும் இதே பூ வைத்த டிஸ்க்தான். கேட்டபோது பொய்யும் சொன்னேன். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தை மாதம் உன் அம்மாவின் வருஷத் திதிக்கு வரும்போது ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நிறுத்தாமல் நேராகச் சிப்பிகாட் போனாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். உமாவின் அம்மாவை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போ, அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உமா, பார்சலில் ஒரு பென் டிரைவும் இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றன, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றியிருக்கிறேன், அந்தத் துண்டு மீனாவுக்கு. பென் டிரைவில் எம்.பி.ஃபோர் இருக்கிறது, அது போனிலும் டி.வி.யிலும் பார்ப்பதற்கு. பக்கத்தில் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், திறந்தால் ஒன்றும் புரியாத பெயர்களாக இருக்கும், குப்பை என்று அழித்துவிடாதே. அதுதான் டிஸ்க்கிலிருந்து மாற்றாமல் அப்படியே எடுத்தது. மாற்ற மாற்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் போகும், ஏற்கனவே ஒரு தடவை மாற்றியதில் நான் போக்கியது போதும். அதை வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வை, மாப்பிள்ளை ஆபீசில் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும். ரெங்கம்மா பேசும் இடங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு ஃபைலாக்கியிருக்கிறேன். அதில் பூவை எடுத்துவிட்டுக் கறுப்பாக விடலாமா என்று யோசித்தேன், அம்மா வேண்டாம் என்றாள், செஞ்சது செஞ்சபடி இருக்கட்டும், மறுபடியும் அழகுபடுத்தாதீங்க என்றாள். அவள் சொன்னது சரி என்று விட்டுவிட்டேன்.

டிஸ்க்கை அனுப்புவதற்கு முன்னால் முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதியில் நின்றுவிட்டால் ஜாம்நகர் வரைக்கும் வந்து நான் சரிசெய்ய முடியாது. அப்படி நேற்று மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நான் வருகிறேன். அன்றைக்கு எடுத்த அத்தனை டேப்பிலும் நான் தெரியும் ஒரே இடம் அதுதான். உனக்குத் திருநீறு பூசுகிறேன், படம் கோணலாக ஆடுகிறது, உன் தலை பாதிதான் தெரிகிறது. யாரோ சமையல்காரன் எடுத்திருப்பான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ரெங்கம்மா அதில் தெரியவில்லை, அதனால் அங்கே பூ வைக்கவில்லை. மறைக்கும்போது நான் முகத்தைத்தான் தேடினேன், மேளம் குதிக்கிறதா என்று மட்டும்தான் காது கொடுத்தேன். நேற்றுத்தான் அந்த இடத்தில் பேச்சைக் கேட்டேன். மற்ற இடங்களில் எல்லாம் தூரத்தில் கேட்கும் குரல் இங்கே காதுக்குள் பேசுவதுபோல அத்தனை பக்கத்தில் கேட்கிறது. அண்ணே, எல்லாரையும் நீங்க புடிச்சீங்க, ஒங்கள யாரு புடிக்கிறது, குடுங்க இப்பிடி, ஓரத்துல செவப்பா ஒரு புள்ளி எரியுதே, எரியலாமா, சரி, மகளுக்குப் பூசி விடுங்க, இங்க பாருங்கண்ணே, சிரிங்க என்கிறார். நான் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறேன். அவ்வளவு சிரித்திருக்கிறேன் உமா, எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று அதை எடுத்தவர் ரெங்கம்மா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மீனாக்குட்டிக்கும் முருகன் ஒரு குறையும் வைக்கக் கூடாது. அம்மா மூன்று பேருக்கும் தலையைத் தடவி ஆசி சொல்லச் சொன்னாள், முழங்காலுக்குத் தைலம் மறக்காமல் வாங்கி வரச் சொன்னாள். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுத் துணியோடு துவைத்துவிடாதே, போன வருஷம் ஒன்றைத் துவைத்தாய். கடைசியாக ஒன்று மட்டும். அந்த ஐம்பத்திரண்டாவது நிமிடத்தை மீனாவுக்குப் போட்டுக் காட்டு. தாத்தா யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்பாள். உன் அப்பாயியைப் பார்த்து என்று சொல். உன் அப்பாயிக்குப் பேசத் தெரியும், சொன்னதும் தாத்தா சிரித்தார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரெங்கம்மாவின் சம்பந்தி,
அன்பழகன்